‘இதுவும் அதேதான்’: மருந்துக்கடை கவுண்டரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு ஆண்டும் டி.பார்ம், பி.பார்ம் முடித்த பிள்ளைகள் குமரி மாவட்டத்தின் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் மருந்துக்கடைகளில் வேலைக்குச் சேருகிறார்கள். மருந்தியல் பாடம் மூத்தவர்களைவிட நன்றாகவே தெரிந்திருக்கிறது. ஆனால் கவுண்டரில் நின்று நோயாளியிடம் பேசத் தொடங்கினால், நாங்கள் அந்த வயதில் செய்த தவறுகளையே சொல் மாறாமல் செய்கிறார்கள். காலாவதித் தேதி பார்ப்பது, சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் கொடுக்காதிருப்பது போன்றவை எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன். வாயால் செய்யும் தவறுகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். நோயாளிக்கு ஆலோசனை சொல்வது நம் பெருந்தன்மை அல்ல, கடமை. 2015 இல் வந்த மருந்தக நடைமுறை ஒழுங்குமுறைகளின்படி, சீட்டு கைக்கு வந்ததும் பதிவுபெற்ற மருந்தாளுநர் தாமே முன்வந்து பேச வேண்டும். மருந்தின் பெயர், அளவு, எத்தனை நாள், என்ன பக்கவிளைவு வரலாம், எப்படிப் பாதுகாப்பது, ஒரு வேளை விட்டுப்போனால் என்ன செய்வது என்பதெல்லாம் அதில் அடங்கும். இதைக் கடைப் பையனிடம் விட முடியாது.

‘இதுவும் அதேதான்’

இந்த இரண்டு சொற்களை எந்தக் கடையில் கேட்டாலும் இன்னும் கோபம் வருகிறது.

சீட்டில் எழுதிய பிராண்டு கடையில் இல்லை. திருவனந்தபுரத்தில் எழுதி வாங்கிய சீட்டு கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டி வந்தால் இது அடிக்கடி நடக்கும். அங்கே ஓடும் பிராண்டு இங்கே மொத்த விற்பனையாளரிடமே இருக்காது. உடனே இன்னொரு மாத்திரைப் பட்டையை எடுத்து வைத்து, “இதுவும் அதேதான் பாட்டி, கொண்டு போங்க” என்று சொல்லிவிடுவார்கள். சொன்னவர் மனதில் இருப்பது, அதற்குப் பதிலாக இது. பாட்டி காதில் விழுவது, அதோடு இதுவும்.

வீட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒரு மஞ்சள் பையில் மூன்று பட்டைகள் இருக்கும். ஒன்று, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொடுத்த மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை. இன்னொன்று, தனியார் மருத்துவர் எழுதிய கிளிமிபிரைடு 2 மி.கி., மெட்ஃபார்மின் 500 மி.கி. கலந்த மாத்திரை, போன மாதம் வாங்கியதில் மிச்சம். மூன்றாவது, இந்த மாதம் நாம் ‘இதுவும் அதேதான்’ என்று கொடுத்தது, அதே கலவைதான், ஆனால் நிறம் வேறு, பெயர் வேறு, பட்டையின் வடிவம் வேறு. மூன்றையும் காலையில் விழுங்கினால் கிளிமிபிரைடு 4 மி.கி. ஆகிவிடுகிறது. கை நடுக்கம், குளிர் வியர்வை, குழறல், பிறகு மயக்கம். விசாரித்தால், “ரெண்டும் உங்க கடையில தந்ததுதானே மக்களே, ரெண்டும் வேண்டாமா?” என்று வெள்ளந்தியாகக் கேட்பார்கள். அவர்கள் மேல் ஒரு பிழையும் இல்லை.

கிளிமிபிரைடு போன்ற மாத்திரையால் வரும் தாழ்சர்க்கரை சர்க்கரைத் தண்ணீர் குடித்ததோடு முடியாது. மூன்று தேக்கரண்டி சர்க்கரை கொடுத்தால் 15 நிமிடத்தில் தெளிவு வரும், சில மணி நேரத்தில் மறுபடியும் இறங்கும். சிறுநீரகம் தளர்ந்த முதியவருக்கு இது ஒரு நாளுக்கு மேலும் நீளலாம். “இனிப்பு குடுங்க, சரியாயிரும்” என்று போனில் சொல்லி வைத்துவிடக் கூடாது. இனிப்பு கொடுத்த கையோடு ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ அருகிலுள்ள மருத்துவமனைக்கோ அனுப்ப வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 1945 ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 65(11ஏ) என்று ஒரு விதி உண்டு. ஷெட்யூல் எச், எச்1, எக்ஸ் என்பவை மருத்துவர் சீட்டில் மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியல்கள். அந்த மருந்துகள் உள்ள சீட்டுக்கு, எழுதியதற்குப் பதிலாக வேறு தயாரிப்பைக் கொடுக்கக் கூடாது. உள்ளே அதே மருந்துப் பொருள் இருந்தாலும் கூடாது என்று விதியே சொல்கிறது. ‘கலவை ஒன்றுதானே சார்’ என்பது ஆய்வாளர் முன்னால் நிற்காது. மருத்துவர் பொதுப்பெயரை மட்டும் எழுதியிருந்தால் கதை வேறு. அப்போது எந்த நிறுவனத்தின் மாத்திரை என்பது நம் தேர்வு. அப்போதும் மாதா மாதம் மாற்றாமல் ஒன்றையே கொடுப்பதுதான் நோயாளிக்கு நல்லது.

கலவை ஒன்றாக இருந்தும் மருந்து ஒன்றாக இல்லாத இடங்களும் உண்டு. இதயத்துக்குக் கொடுக்கும் மெட்டோபுரோலால் சக்சினேட் மெதுவாகக் கரைவது, நாளைக்கு ஒரு முறை. மெட்டோபுரோலால் டார்ட்ரேட் சாதாரணமானது, பெரும்பாலும் இரண்டு முறை. ஒன்றை எடுத்து மற்றதன் இடத்தில் வைத்தால் பாதி நாள் நெஞ்சுக்குக் காவல் இருக்காது. மெதுவாகக் கரையும் மெட்ஃபார்மின் எஸ்.ஆர்., சாதாரண மெட்ஃபார்மின் இரண்டுக்கும் இதே கவனம் தேவை. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயினில் பிராண்டு மாறினாலே இரத்தத்தில் அளவு மாறலாம், அடங்கியிருந்த வலிப்பு திரும்ப வரலாம். தைராய்டு மாத்திரையில் 88 மைக்ரோகிராம் இல்லை என்று 100 கொடுப்பதும் ‘இதுவும் அதேதான்’ கணக்கில்தான் சேரும்.

சரி, பிராண்டு இல்லை, என்ன செய்ய? சீட்டில் இருக்கும் எண்ணுக்கு மருத்துவரைக் கூப்பிடுங்கள். அவர் ஒப்புக்கொண்டால் மாற்றிய பெயர், தேதி, யாரிடம் பேசினீர்கள் என்பதைச் சீட்டிலும் பில்லிலும் எழுதுங்கள். அடுத்த வருகையில் அவரிடமே திருத்தி எழுதி வாங்கி வரச் சொல்லுங்கள். மருத்துவர் கிடைக்கவில்லை என்றால், பிராண்டு இருக்கும் கடையைக் கேட்டுச் சொல்லி அனுப்புங்கள். வியாபாரம் ஒன்று போகும், போகட்டும். மாற்றிக் கொடுக்கும்போது சொல்ல வேண்டிய வாக்கியம் இதுதான்: “பழைய மாத்திரையை நிறுத்துங்க. அதுக்குப் பதிலா இது. ரெண்டையும் சேர்த்துப் போடக் கூடாது.” பிறகு அவர் வாயாலேயே திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். “புரிஞ்சுதா?” என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். “வீட்ல போய் எதைப் போடுவீங்க, எதை விடுவீங்க?” என்று கேட்டால்தான் உண்மை தெரியும். முடிந்தால் அடுத்த முறை வீட்டிலிருக்கும் எல்லாப் பட்டைகளையும் பையோடு எடுத்து வரச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை, ஆனால் எத்தனை இரட்டிப்பு அதில் பிடிபடும் என்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

‘காலையில் சாப்பிடுவதற்கு முன்’

யாருடைய காலை என்று கேட்காமல் இதைச் சொல்லாதீர்கள். குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுபவருக்குக் காலை என்பது இருட்டோடு தொடங்குகிறது. ஒரு கட்டன்சாயா குடித்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போவார். சோறோ பழஞ்சியோ வயிற்றுக்குப் போக ஒன்பது பத்து மணி ஆகிவிடும். கிளிமிபிரைடை அவர் நான்கு மணிக்குப் போட்டால் மரத்தடியில் விழுவார், கையில் கத்தி இருக்கும். “எத்தனை மணிக்கு எழும்புவீங்க, முதல்ல வயிறு நிறையச் சாப்பிடுறது எப்போ?” என்று கேட்டு, அந்தச் சாப்பாட்டோடு ஒட்டி மாத்திரையை வையுங்கள். அந்த நேரம் சீட்டோடு ஒத்துப்போகவில்லை என்றால் மருத்துவரிடம் கேளுங்கள்.

சளிக்குக் கொடுக்கும் குளோர்பெனிரமினும் அப்படித்தான். இரவு பத்து மணிக்குப் போட்ட மாத்திரையின் தூக்கம் மூன்று மணிக்கு எழுபவரை விட்டிருக்காது. பால் வெட்டுபவர், ஓட்டுநர், வள்ளத்தில் போகிறவர் என்று தெரிந்தால், தூக்கம் வரும் என்பதைப் பட்டையின் மேலேயே எழுதிக் கொடுங்கள்.

குழந்தைக்கு ‘இரண்டரை மில்லி’

பாராசிட்டமால் சொட்டு மருந்து பெரும்பாலும் 1 மில்லியில் 100 மி.கி. சிரப்பில் 5 மில்லியில் 125 மி.கி. இருக்கும், 250 மி.கி. உள்ளதும் உண்டு. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 100 முதல் 150 மி.கி. போதும். 125 மி.கி. சிரப்பில் இரண்டரை மில்லி என்றால் 62.5 மி.கி., போதாது, காய்ச்சல் இறங்காது. அதே இரண்டரை மில்லியைச் சொட்டு மருந்தில் கொடுத்தால் 250 மி.கி. நாளைக்கு நான்கு முறை என்றால் 1,000 மி.கி., பிஞ்சு ஈரல் தாங்காது. எனவே மில்லி மட்டும் சொல்லாதீர்கள். எடையைக் கேளுங்கள், பாட்டிலைத் திருப்பிச் செறிவைப் படியுங்கள், அளவுக் குப்பியில் கோடு போட்டுக் காட்டுங்கள். வீட்டுக் கரண்டி வேண்டாம், ஒரு வீட்டுக் கரண்டிபோல் இன்னொரு வீட்டில் இருக்காது.

இரண்டு வயதுக்குக் கீழே இருமல், சளி சிரப் கூடாது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் நச்சு கலந்த இருமல் மருந்தால் குழந்தைகள் இறந்ததை அடுத்து, 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறை இதை வலியுறுத்திச் சொன்னது. அந்த மருந்து தயாரானது நம் தமிழ்நாட்டில். பில்லில் பேட்ச் எண் எழுதுவதை வெட்டி வேலையாக நினைப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பேட்ச் திரும்பப் பெறப்படும்போது அது எந்த வீட்டுக்குப் போனது என்பதைக் காட்டுவது அந்த எண் ஒன்றுதான்.

இன்சுலினைக் கொடுத்துவிட்டு ஊசியைப் பார்க்காமல் விடுவது

1 மில்லியில் 40 யூனிட் உள்ள குப்பிக்கு 40 யூனிட் ஊசி, சிவப்பு மூடி. 100 யூனிட்டுக்கு ஆரஞ்சு மூடி. 40 குப்பியிலிருந்து 100 ஊசியில் ‘10’ கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 4 யூனிட். 100 மருந்தை 40 ஊசியில் ‘10’ வரை எடுத்தால் 25 யூனிட், அதாவது இரண்டரை மடங்கு. குப்பியையும் ஊசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் உள்ள எண்ணைக் காட்டிய பிறகே பையில் போடுங்கள்.

தூத்தூர், குளச்சல் பக்கம் ஆழ்கடலுக்குப் போகிறவர்களிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘குளிரில் வையுங்கள்’ என்று மட்டும் சொன்னால் மீன் அறையின் ஐஸுக்குள் புதைத்துவிடுவார்கள். உறைந்த இன்சுலின் உருகி வந்தாலும் பயன்படாது. ஐஸில் நேராகப் படாமல், துணி சுற்றி, மூடிய டப்பாவில் வைக்கச் சொல்லுங்கள். திறந்த குப்பி பெரும்பாலும் நான்கு வாரம்தான் தாங்கும். ஒரு மாதத்துக்கு மேல் கடலில் தங்குபவருக்கு இரண்டாவது குப்பி வேண்டும். எத்தனை நாள் பயணம் என்று சொல்லி அதற்கேற்ற அளவை மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கச் சொல்லுங்கள். சீட்டில் மறுபடி கொடுக்கலாம் என்று குறிப்பு இல்லாவிட்டால் இரண்டாம் முறை கொடுக்க நமக்கு அனுமதி இல்லை.

வாரத்துக்கு ஒரு மாத்திரை

மெத்தோட்ரெக்சேட். மூட்டுவாதத்துக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள். தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜை ஒடுங்கி உயிர் போகும். ‘செவ்வாய் மட்டும்’ என்று கிழமையை எழுதுங்கள். வாயில் புண் வந்தால் நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள்.

கஷாயத்தைப் பற்றிக் கேட்காமல் விடுவது

வர்ம ஆசானும் வைத்தியரும் ஊர்தோறும் இருக்கும் மாவட்டம் இது. கோட்டாறில் அரசு ஆயுர்வேதக் கல்லூரியே இருக்கிறது. கேலி செய்யாமல் கேட்டால் சொல்வார்கள். கேலி செய்தால் மறைப்பார்கள். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போடுபவரிடமும் சர்க்கரை மாத்திரை போடுபவரிடமும் கட்டாயம் கேளுங்கள்.

கல்ஃப் பார்சல்

“மூணு மாசத்துக்குத் தாங்க, அளியன் (மச்சான்) நாளைக்கு துபாய் போறான், அவன் கையில குடுத்துவிடணும்.” இந்தக் கோரிக்கை வராத கடை இங்கே இல்லை. முதுகுவலிக்கு டிரமடால், இருமலுக்குக் கோடீன் சிரப், தூக்கத்துக்கு அல்பிரசோலம், நரம்பு வலிக்கு பிரிகாபலின் என்று பட்டியல் இருக்கும். இவை ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்டவை. முன் அனுமதி இல்லாமல் கொண்டு போகிறவர் விமான நிலையத்திலேயே பிடிபடலாம். இன்னொருவருக்காகக் கொண்டு போகிறவர் நிலை அதைவிட மோசம், சீட்டுகூட அவர் பெயரில் இருக்காது.

எனவே பெரிய அளவில் கேட்டால் யாருக்கு, எங்கே போகிறது என்று கேளுங்கள். அந்த நாட்டு அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டும், சீட்டின் மூலப்படி, பில், பிரிக்காத பட்டை மூன்றும் கையில் இருக்க வேண்டும், அடுத்தவர் பெட்டியில் வைக்கவே கூடாது என்று சொல்லுங்கள். டிரமடால் இங்கேயும் 2018 முதல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. சீட்டில் உள்ளதற்கு மேல் ஒரு மாத்திரைகூடக் கொடுக்க வழியில்லை.

எச்1 பதிவேட்டை மாலையில் எழுதுவது

ஷெட்யூல் எச்1 மருந்து கொடுத்தால் பதிவேட்டில் எழுத வேண்டியவை: மருத்துவர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, அளவு. கொடுத்த நேரத்திலேயே எழுதுங்கள். மூன்று ஆண்டு வைத்திருங்கள். எச்1 பட்டியலில் காசநோய் மருந்தும் உண்டு. அதை வாங்குபவர் விவரத்தை அரசுக் காசநோய்ப் பிரிவுக்குத் தெரிவிப்பது 2018 முதல் மருந்துக்கடைக்கும் கட்டாயம்.

உரக்கப் பேசுவது

மனநல மாத்திரை, எச்.ஐ.வி. மருந்து, கருத்தடை. பெயரைச் சத்தமாகச் சொல்லாதீர்கள். பக்கத்தில் நிற்பவர் அவருடைய ஊர்க்காரராக இருப்பார்.

தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்வது

“பார்த்துச் சொல்றேன், பத்து நிமிஷம் இருங்க” என்று சொல்வதில் ஒரு குறைவும் இல்லை. நோயைக் கண்டுபிடித்து மருந்து எழுதும் அதிகாரம் நமக்கு இல்லை, அது மருத்துவருடையது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கர்ப்பிணியின் இரத்தப்போக்கு, கைக்குழந்தையின் காய்ச்சல் இவற்றுக்குக் கவுண்டரில் மாத்திரை தேடாமல் ஆட்டோ பிடித்துக் கொடுங்கள். மருந்து போட்டபின் உடம்பெல்லாம் தடித்தது, முகம் வீங்கியது என்று யாராவது வந்தால், அவரை மருத்துவரிடம் அனுப்பிவிட்டு, மருந்தின் பெயரையும் பேட்ச் எண்ணையும் குறித்து 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவியுங்கள். அது மருந்துப் பக்கவிளைவுகளைப் பதிவு செய்யும் தேசியத் திட்டத்தின் எண்.