6174 காட்டப் போகிறீர்களா? முதலில் சைபரைப் பிடித்துக்கொள்ளுங்கள்

போன ஞாயிறு மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் பிள்ளைகளுக்குக் கணக்கு விளையாட்டு. கரும்பலகை முன்னால் நின்ற கல்லூரிப் பையன் நான்கு இலக்கம் கேட்டான், கழித்தான், முழித்தான். பதினைந்து வருஷத்துக்கு முந்தி நான் முழித்த அதே முழி.

விளையாட்டு இதுதான். நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்து, இலக்கங்களை இறங்குவரிசையிலும் ஏறுவரிசையிலும் எழுதி, பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும். வந்த விடையை மறுபடி அப்படியே. அதிகம் போனால் ஏழு கழித்தல், 6174 வந்துவிடும். அப்புறம் நகராது, ஏனென்றால் 7641 - 1467 = 6174. மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேக்கர், 1949இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் இதை அறிவித்தார்.

1111, 7777 எல்லாம் சைபரில் முடியும் என்பது யாருக்கும் தெரியும். அதை விடுங்கள். பலகை முன்னால் நிற்கிறவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடங்கள் இவை.

முன்னால் நிற்கும் சைபரைத் தொலைப்பது

கோ.புதூரில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்த காலம். எட்டாம் வகுப்பு, 32 பேர். "எந்த நம்பர் வேணும்னாலும் சொல்லுங்க, 6174 வரலைன்னா எல்லாருக்கும் ஜிகர்தண்டா" என்று வாயை விட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தன், "எங்கப்பா ஷேர் ஆட்டோ நம்பர் சார், 2111" என்றான்.

2111 - 1112 = 999. அடுத்து 999 - 999 = 0. வகுப்பே கூரையைப் பிய்த்தது.

32 ஜிகர்தண்டா. அதிலும் நாலு பேர் 'ஸ்பெஷல்' கேட்டார்கள்.

ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. விடை 999 இல்லை, 0999. அந்தச் சைபரும் ஓர் இலக்கம். அடுத்த வரிசையில் அதற்கும் இடம் உண்டு.

9990 - 0999 = 8991
9981 - 1899 = 8082
8820 - 0288 = 8532
8532 - 2358 = 6174

இன்றுவரை எரிச்சல் எங்கே என்றால், இந்தக் குழி ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது. விடையே சைபராக வருவதைத் தவிர்த்துவிட்டால், இந்தக் கழித்தலில் ஆயிரத்துக்குக் கீழே வரக்கூடிய ஒரே விடை 999தான். மூன்று இலக்கம் ஒரே இலக்கமாகவும், நான்காவது அதைவிட ஒன்று கூடவோ குறையவோ இருந்தால் மட்டும் வரும்: 2111, 5556, 8777 மாதிரி. அதனால் வீட்டில் 3524, 1947 என்று போட்டுப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் கண்ணில் படாது. போன் கால்குலேட்டரும் 999 என்றுதான் காட்டும். என் அக்கா மகன் எழுதிய பைத்தான் நிரலும் இதே எண்ணில் சைபரைக் கக்கியது. பலகையில் நான்கு கட்டம் வரைந்துகொண்டு, ஒவ்வொரு விடையையும் கட்டத்துக்குள் எழுதுங்கள்.

கடன் வாங்கிக் கழிப்பதில் தடுமாறுவது

விடை 9ஆல் வகுபடவில்லையா? கழித்தல் தப்பு.

ஐந்து இலக்கத்துக்கு நீட்டுவது

வேண்டாம். மூன்றில் 495 வரும். ஐந்தில் ஒரே எண்ணில் நிற்காது, சில எண்களுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும்.

கப்ரேக்கர் எண் என்று அறிமுகப்படுத்துவது

6174 கப்ரேக்கர் மாறிலி. கப்ரேக்கர் எண் வேறு: 45ஐ வர்க்கப்படுத்தினால் 2025; 20 + 25 = 45. 6174இன் வர்க்கம் 38118276. வெட்டிக் கூட்டினால் 3811 + 8276 = 12087, ஆகாது. ஆனால் அவரே பெயர் வைத்த ஹர்ஷத் எண்களில், அதாவது தன் இலக்கங்களின் கூட்டலால் மீதியில்லாமல் வகுபடும் எண்களில், 6174 உண்டு. இலக்கங்களின் கூட்டல் 18; 6174 ÷ 18 = 343, அதாவது 7 × 7 × 7. இதற்கு வேண்டுமானால் ஜிகர்தண்டா பந்தயம் கட்டலாம்.