மாத மளிகை: எதைத் தள்ளுபடிக் கடையில் வாங்கலாம், எதை அண்ணாச்சி கடையில்?

முதலில் போன மாத மளிகைச் சீட்டை எடுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே, தெருமுனைக் கடையில் உண்மையில் கொடுத்த விலையை எழுதுங்கள். எம்.ஆர்.பி.யை எழுதாதீர்கள். பெரிய கடையின் விலை அட்டையில் "எம்.ஆர்.பி.யில் இவ்வளவு குறைவு" என்றுதான் இருக்கும். அண்ணாச்சியும் பல பொருள்களை எம்.ஆர்.பி.க்குக் கீழேதான் தருகிறார். அதனால் அட்டையில் 30 ரூபாய் லாபம் என்று தெரிவது, உங்கள் கணக்கில் 6 ரூபாயாகக்கூடச் சுருங்கலாம். அதிகம் பெயர் கேட்டிராத பிராண்டுகளில் பாதி விலை என்று போட்டிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அவற்றின் எம்.ஆர்.பி.யே தூக்கி வைக்கப்பட்டிருக்கலாம்.

ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் வாங்குகிறவர்கள், அந்த அளவைச் சீட்டிலிருந்து முதலில் கழித்துவிடுங்கள். அந்த விலைக்கு எந்தக் கடையும் தராது.

அடுத்தது அளவு. பெரும்பாலானவர்கள் ஏமாறுவது இங்கேதான். எண்ணெய் பாக்கெட்டுகள் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றில் 1 லிட்டர், இன்னொன்றில் 850 மில்லி, மற்றொன்றில் 800 கிராம். சமையல் எண்ணெய் 1 லிட்டர் ஏறக்குறைய 910 கிராம் எடை. எடுத்துக்காட்டாக, 800 கிராம் பாக்கெட் 130 ரூபாய், லிட்டர் பாக்கெட் 142 ரூபாய் என்று வையுங்கள். 130-ஐ 800-ஆல் வகுத்து 910-ஆல் பெருக்கினால் 148 ரூபாய் வருகிறது. மலிவாகத் தெரிந்த பாக்கெட்தான் 6 ரூபாய் அதிகம். பாக்கெட்டின் மேலேயே கிராமுக்கு இவ்வளவு, மில்லிக்கு இவ்வளவு என்று அச்சிட்டிருப்பார்கள். ஆனால் அது எம்.ஆர்.பி.யை வைத்துப் போட்ட கணக்கு. தள்ளுபடி விலைக்கு நீங்களேதான் வகுத்துப் பார்க்க வேண்டும். சோப்பு, பற்பசை, டீத்தூள், பிஸ்கட் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

பெரிய கடையில் வாங்கத் தகுந்தவை, கெடாதவையும் மாதாமாதம் ஒரே அளவில் தீர்பவையும்: துணி சோப்புத்தூள், பாத்திரம் துலக்கும் சோப்பு, கழிவறை திரவம், பற்பசை, எண்ணெய், சர்க்கரை. ரவை, மைதா, கோதுமை மாவை "இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்று அள்ளாதீர்கள். ஐப்பசி ஈரத்தில் வண்டு வைத்துவிடும். இலவசமாக வந்ததோடு காசு கொடுத்ததும் சேர்ந்து குப்பைக்குப் போகும். இலவசப் பாக்கெட்டின் காலாவதி தேதியைத் தனியாகப் பாருங்கள். தேதி நெருங்கிய சரக்கைத் தள்ளுவதற்காகவே சில நேரம் அந்தச் சலுகை வருகிறது.

மிளகு, சீரகம், ஏலக்காய், பெருங்காயம் போன்றவற்றை 50 கிராம், 100 கிராம் என்று தெருமுனைக் கடையில் வாங்குவதே நல்லது. வாசனை போவதற்குள் தீர்ந்துவிடும். பருப்பில் புழு இருந்தால் மறுநாள் கொண்டுபோய் மாற்றலாம். சம்பளம் 7-ஆம் தேதி வருகிற வீட்டுக்கு, 1-ஆம் தேதி கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டு அரிசி தருகிறவர் அண்ணாச்சிதான். இந்த வசதிக்கும் ஒரு விலை உண்டு. அதை ஒப்பிடும்போது சேர்த்துக்கொள்ளுங்கள். கடனுக்கு மட்டும் அவரிடம் போய், ரொக்கத்தை முழுவதும் வேறு கடையில் கொடுத்தால் அந்த நோட்டு அதிக நாள் திறந்திருக்காது.

பயணத்தையும் கணக்கில் எழுதுங்கள். 4,000 ரூபாய் மளிகையில் உண்மையான வித்தியாசம் 6 சதவீதம் என்றால் 240 ரூபாய். போகவர 20 கிலோமீட்டர் பைக்கில் போனால் பெட்ரோலுக்கு 45 ரூபாய், வண்டி நிறுத்த 20 ரூபாய். மிச்சம் 175. சீட்டில் இல்லாத ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் பில் போடும் இடத்தில் பிள்ளை எடுத்த சாக்லேட்டும் அதைத் தின்றுவிடும். கடன் அட்டையில் வாங்கி முழுத் தொகையைக் கட்டாமல் விட்டால், மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி ஏறும். இரண்டு மாதத்தில் அந்த 6 சதவீதம் போய்விடும்.

முழங்கால் வலி உள்ளவர்களும், நீண்ட வரிசையில் நிற்க முடியாதவர்களும், கண்ணில் பட்டதை எல்லாம் எடுத்துவிடும் பழக்கம் உள்ளவர்களும் போகாமல் இருப்பதே மேல். 175 ரூபாய்க்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையை இழக்க வேண்டியதில்லை. போகிறவர்கள் வாரநாளில், கடை திறந்ததும், சாப்பிட்டுவிட்டு, துணிப்பையோடு போங்கள்.

கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன் பில்லைச் சரிபாருங்கள். அலமாரி அட்டையில் ஒரு விலையும் கணினியில் வேறு விலையும் இருப்பது அடிக்கடி நடக்கிறது. அட்டையைப் படம் பிடித்து வைத்திருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லலாம். எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கினால், கடை பெரிதானாலும் சிறிதானாலும், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். அதுவரை பில்லையும் பாக்கெட்டையும் எறியாதீர்கள்.