ஏற்றத்தில் மட்டும் வந்த 'டக்' சத்தம்

ஸ்பெயினின் மயோர்கா தீவில் வாடகைக்கு எடுத்த கார்பன் ரோடு பைக் (கார்பன் ஃபைபர் சைக்கிள்). அல்குதியா பக்கம் கடலோரச் சமதளத்தில் சத்தமே இல்லை. சா கலோப்ரா மலைப்பாதை ஏற்றத்தில் (சுமார் 9.5 கி.மீ., சராசரி 7%) ஒவ்வொரு மிதிக்கும் 'டக்'. பெடலைக் கழற்றி கிரீஸ் வைத்தேன், செயினைக் கழுவினேன். கடையில் பாட்டம் பிராக்கெட்டையே (பெடல் கைகளின் அச்சு சுழலும் பாகம்) மாற்றினார்கள். ம்ஹூம். பல நாள் வீணாகி எரிச்சல்தான் மிச்சம்.

அப்புறம்தான் ஒன்று பிடிபட்டது: எழுந்து நின்று மிதித்தால் சத்தம் நின்றுவிடுகிறது! அப்படியென்றால் கோளாறு மிதிக்கிற இடத்தில் இல்லை, உட்காருகிற இடத்தில். உயரத்துக்கு டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொண்டு சீட் போஸ்டை (சீட்டைத் தாங்கும் குழாய்) உருவினேன். உள்ளே நறநறவென்று மணல். துடைத்து, பிடிப்பு தரும் கார்பன் பேஸ்ட் தடவி (கிரீஸ் போட்டால் வழுக்கி இறங்கும்), போஸ்டை இறுக்கும் கிளாம்பில் அச்சிட்டிருந்த 5 நியூட்டன் மீட்டர் அளவுக்கு டார்க் ரெஞ்சால் (முறுக்கு விசையை அளந்து இறுக்கும் ஸ்பேனர்) முறுக்கினேன். மறுபடி ஏறினேன், முழுக்க உட்கார்ந்தே. சத்தம் இல்லை. சேடிலின் (சீட்டின்) அடிக் கம்பிகளைப் பிடிக்கும் கிளாம்பையும் கையோடு துடைத்துவிடுங்கள், அங்கேயும் மணல் சேர்கிறது.