பல்பு எரிந்தால் ஒயரிங் சரி என்று அர்த்தமில்லை

பெரம்பூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வாஷிங் மெஷினிலிருந்து துணி எடுக்கப் போன அக்கா, வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். எதற்கு என்று கேட்டேன். "அது லேசா சுர்ருனு அடிக்கும்டா. செருப்பு போட்டுக்கிட்டா ஒண்ணும் பண்ணாதுன்னு எலக்ட்ரீசியன்தான் சொன்னாரு. ரெண்டு வருஷமா இப்படித்தான்."

மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு பிளக் பாயின்ட்டைக் கழற்றினேன். எர்த் முனையில் பச்சை ஒயர் ஒழுங்காக முறுக்கித்தான் இருந்தது. அதையே பிடித்துக்கொண்டு மெயின் போர்டு வரை போய்ப் பார்த்தால், மறுமுனை எதிலும் சேரவில்லை. டேப் சுற்றி மடித்து, மூலையில் செருகி வைத்திருந்தார்கள். அந்த வீட்டில் எல்லா விளக்கும் எரிகிறது, ஏசி ஓடுகிறது, மோட்டார் தண்ணீர் ஏற்றுகிறது.

ஒரு பொருள் ஓட, கரண்ட் வரும் ஃபேஸும் அது திரும்பிப் போகும் நியூட்ரலும் போதும். எர்த் இல்லை என்று எந்தப் பொருளும் நின்றுவிடாது. அதனால்தான் ஒயரிங் முடிந்ததும் ஸ்விட்சைப் போட்டு, "எரியுதா? எரியுது" என்று பார்த்துக் கூலி கொடுத்து அனுப்புவது பெரிய தவறு. எரிவது ஒரு சோதனையே அல்ல.

அக்காவுக்கு அடித்தது எங்கிருந்து? வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர் போன்றவற்றின் உள்ளே இருக்கும் மின்சார ஃபில்டர் (தண்ணீர் வடிகட்டி அல்ல) வழியாகக் கொஞ்சம் கரண்ட் மெஷினின் வெளி உடம்புக்கு வரும். எர்த் இருந்தால் அது அப்படியே மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் மெஷினின் உடம்பில் நூறு வோல்ட்டுக்கு மேல்கூட நிற்கும். அந்த கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுர்ரென்பதோடு போகிறது. ஆனால் உள்ளே ஃபேஸ் ஒயர் உரசிப் பாடியைத் தொடும் நாளில் அங்கே நிற்பது முழு 230 வோல்ட். ஈரத் தரையில் செருப்பை நம்பி நிற்க முடியாது.

இந்தச் சுர்ருக்குச் சிலர் செய்யும் வைத்தியம் நோயைவிட மோசம். சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து எர்த் முனைக்கு ஒரு துண்டு ஒயரை லூப் அடித்துவிடுவார்கள். சுர்ர் நின்றுவிடும். ஆனால் என்றைக்காவது நியூட்ரல் கழன்றால், பழுதே இல்லாத மெஷினின் உடம்பிலும் 230 வோல்ட் ஏறிவிடும். தண்ணீர்க் குழாயில் எர்த் கட்டுவதும் இதே கதைதான். ஜிஐ (இரும்பு) பைப் காலத்து வழக்கம் அது. இன்றைய பிவிசி குழாய் வழியாக எதுவும் மண்ணுக்குப் போகாது.

"எங்க வீட்ல எம்சிபி இருக்கு, டிரிப் ஆயிடும்" என்று, கரண்ட் அளவு மீறினால் தானே விழும் அந்த ஸ்விட்சை நம்பி நிம்மதியாக இருப்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எர்த் குழி காய்ந்து, அதன் எதிர்ப்பு 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கீசரின் உடம்பில் ஃபேஸ் பட்டால் ஓடுவது 230 வகுத்தல் 20, அதாவது 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபி அசையாது. கீசரும் அதோடு சேர்ந்த குழாயும் ஷாக்கோடு நிற்கும். மனித உடம்பு வழியாகப் போவதோ இதைவிடப் பல மடங்கு குறைவு. அது எம்சிபியின் கணக்கிலேயே வராது. எம்சிபி காப்பது ஒயரை. ஆளைக் காப்பதற்கு, கரண்ட் கசிந்தாலே லைனைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி வேண்டும். அதுகூட, ஒரு கையில் ஃபேஸும் மறு கையில் நியூட்ரலும் பிடித்தவரைக் காப்பாற்றாது.

ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறது என்று அதைக் கழற்றி நேராக இணைக்கச் சொல்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். அது விழுவதற்குக் காரணம் இருக்கும்: ஈரம் ஏறிய கீசர் எலிமென்ட், மழையில் நனையும் வெளி காலிங் பெல் ஸ்விட்ச், இன்வெர்ட்டர் வைத்தவர் மாற்றிக் கோத்த நியூட்ரல். எல்லா எம்சிபியையும் இறக்கி, பிளக்குகளையும் உருவிவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். பிளக்கை உருவுவது முக்கியம். சாதாரண எம்சிபி ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும். நியூட்ரல் வழியாகக் கசிவது தொடரும்.

அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்த வேண்டும். விழாவிட்டால் உடனே மாற்றுங்கள். விழுந்தால் எர்த்தும் நன்றாக இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். அந்தப் பட்டன் ஆர்சிசிபியை மட்டும்தான் சோதிக்கிறது. எர்த்தே இல்லாத வீட்டிலும் விழும்.

மே மாதம் ஏசி போட்டதும் எம்சிபி விழுந்தால், 32 ஆம்பியராக மாற்றிவிடுவது இன்னொரு பழக்கம். சுவருக்குள் இருக்கும் ஒயர் 2.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) தான் என்றால், இனி சூடாகப் போவது அந்த ஒயர். ஏசிக்கும் கீசருக்கும் தனித்தனியாக 4 ஸ்கொயர் ஒயர் இழுத்து, அதற்கேற்ற எம்சிபி போடுங்கள்.

டெஸ்டரை நம்புவதிலும் அளவு வேண்டும். மர ஸ்டூலில் நின்றால் அதன் விளக்கு மங்கும். வெயில் வெளிச்சத்தில் எரிவதே தெரியாது. எரியவில்லை என்பதற்காக கரண்ட் இல்லை என்று ஒயரைத் தொடக்கூடாது. சாக்கெட்டின் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரிந்தால் பெரும்பாலும் நியூட்ரல் கழன்றிருக்கிறது என்று பொருள். த்ரீ ஃபேஸ் வீட்டில் மெயின் நியூட்ரல் போனால் ஒரு லைனில் வோல்டேஜ் 400 பக்கம்கூட ஏறும். உடனே மெயினை இறக்கிவிட்டு மின்வாரியப் புகார் மையமான மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

அணைத்த பிறகும் எல்இடி பல்பு மினுக்மினுக்கென்று ஒளிர்கிறதா? இண்டிகேட்டர் உள்ள ஸ்விட்ச் இல்லையென்றால், ஸ்விட்சை நியூட்ரலில் கோத்திருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள். அப்படியிருந்தால் அணைத்த விளக்கின் ஹோல்டரிலும் ஃபேஸ் காத்திருக்கும்.

புது ஒயரிங் என்றால், சப்ளை கொடுக்கும் முன்பே லைசென்ஸ் உள்ள ஒயர்மேனிடம் மெகர் (ஒயர் உறையின் மின்தடையை அளக்கும் கருவி) வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பல்பு, டிவி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு 500 வோல்ட்டில் பார்க்கும்போது 1 மெகாஓமுக்குக் குறையக்கூடாது. சப்ளை வந்தபின் ஒவ்வொரு சாக்கெட்டிலும் மல்டிமீட்டர். எர்த் ஓட்டை மேலே இருக்க, நமக்கு வலப்பக்கம் ஃபேஸ், இடப்பக்கம் நியூட்ரல். ஃபேஸ்–நியூட்ரல் 230 பக்கம், ஃபேஸ்–எர்த்தும் கிட்டத்தட்ட அதே, நியூட்ரல்–எர்த் சில வோல்ட். எங்கும் இணையாத எர்த் ஒயரும் மீட்டரில் பொய் வோல்டேஜ் காட்டும் என்பதால், அதன் தொடர்ச்சியை சப்ளை இல்லாதபோதே தனியாகப் பார்ப்பது நல்லது. ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்கு மீட்டர் கிடைக்கிறது என்று வாங்கி, பழக்கமில்லாமல் ஃபேஸில் வைக்க வேண்டாம். ஒயர்மேன் அளக்கும்போது பக்கத்தில் நின்று எண்களைக் குறித்துக்கொண்டால் போதும்.

நம் சென்னையில் டிசம்பர் மழையையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. 2015-லும் 2023-லும் வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் கீழ்த்தள வீடுகளில் பிளக் பாயின்ட் வரை தண்ணீர் நின்றது. தண்ணீர் வரும் முன்பே மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிடுங்கள். ஈபி கரண்ட் போனாலும் இன்வெர்ட்டர் லைனில் அதே 230 வோல்ட் இருக்கும். தண்ணீருக்குள் நின்று எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள்.

வடிந்த பிறகு சுவர் நாலு நாளில் காய்ந்ததுபோல் தெரியலாம். ஆனால் ஒயர் போகும் பைப்புக்குள் நின்ற தண்ணீர் காய வாரக்கணக்கில் ஆகும். மூழ்கிய சர்க்யூட்டின் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் டிபி பாக்ஸில் (எம்சிபிகள் இருக்கும் பெட்டியில்) ஒயர்மேனை வைத்துக் கழற்றிவிட்டு, நனையாத மேல் விளக்குகளை மட்டும் போட்டுக்கொள்ளலாம். மெகர் மறுபடி 1 மெகாஓமைத் தாண்டும் நாளில் அந்த இரண்டு ஒயரையும் திரும்பக் கோக்கலாம்.