ஹார்டு டிஸ்க் மக்கர் பண்ணும்போது செய்யக் கூடாதவை

போன வாரம், கடைக்கு வேலை கற்க வந்திருக்கும் தம்பி ஒரு லேப்டாப்பை முன்னால் வைத்துக்கொண்டு கறுப்புத் திரையில் எதையோ அடித்துக்கொண்டிருந்தான். டீ கிளாஸை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். செக்டிஸ்க், சி, ஸ்லாஷ் ஆர். டிஸ்க்கைச் சோதித்துச் சரிசெய்ய விண்டோஸில் இருக்கும் கட்டளை. என்டர் கீயின் மேல் விரல். "தம்பி, கைய எடு" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் வெளியே வந்துவிட்டார்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. வீடியோ போடுகிறவர்கள் பாதிப் பேர் அதைத்தான் முதல் வைத்தியமாகச் சொல்கிறார்கள். மதுரை சிம்மக்கல்லில் கடை போட்ட புதிதில் நானும் அதையேதான் செய்தேன். நான் செய்து கெடுத்ததை எல்லாம் அவன் வரிசை மாறாமல் செய்து வருவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். லேப்டாப்பைக் கீழே போடாதீர்கள், பேக்கப் எடுங்கள் என்பதெல்லாம் இதில் இருக்காது. அது தெரியாதவர் யாரும் இல்லை.

சாகக் கிடக்கும் டிஸ்க்கில் செக்டிஸ்க் ஓட்டுவது

2014 சித்திரைத் திருவிழா சமயம். உசிலம்பட்டிப் பக்கம் கம்ப்யூட்டர் மொய் எழுதுகிற ஒருவர் வந்தார். விசேஷ வீட்டு வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்து, பெயர், ஊர், தொகை அடித்து, கையோடு ரசீது கிழித்துக் கொடுப்பவர். முந்தின நாள்தான் ஒரு காதுகுத்து. கறிவிருந்து முடிந்து, மொய்ப் பணம் எண்ணி ஒப்படைத்தாகிவிட்டது. முழு லிஸ்ட்டைப் பிரிண்ட் போட்டுக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

"அண்ணே, பொட்டி ஆன் ஆகவே பத்து நிமிசம் ஆகுது. நாளைக்கு லிஸ்ட்டு கேட்டு வந்துருவாய்ங்க. கொஞ்சம் வேகமா ஓடுற மாதிரி பண்ணிக் குடுங்க" என்றார்.

விண்டோஸ் 7, 500 ஜிபி ஹார்டு டிஸ்க். மெதுவாகத்தான் இருந்தது, ஆனால் திறந்தது. மொய் ஃபைலையும் அவரே திறந்து காட்டினார். கருமாத்தூர், செக்கானூரணி, வாலாந்தூர் என்று ஊர்ப் பெயர்கள் வரிசையாக மேலே ஏறிக்கொண்டிருந்தன. நடுவில் ஓரிடத்தில் திரை ஒரு நிமிடம் உறைந்து நின்றது. நான் நிபுணர் மாதிரித் தலையாட்டிவிட்டு, "பேட் செக்டர்ண்ணே, சரி பண்ணிரலாம்" என்றேன். செக்டர் என்பது டிஸ்க்கில் தகவல் பதியும் சின்னக் கட்டம்; அது படிக்க முடியாமல் போனால் பேட் செக்டர். செக்டிஸ்க் ஸ்லாஷ் ஆர் கொடுத்து ரீஸ்டார்ட் போட்டேன். 5-இல் 4-ஆம் கட்டம் என்று வந்தது. அது ஓடட்டும் என்று ஷட்டரை இறக்கிவிட்டு எதிர்சேவை பார்க்கத் தல்லாகுளம் போய்விட்டேன்.

மறுநாள் காலை அழகர் ஆற்றில் இறங்கியதைப் பார்த்துவிட்டுக் கடைக்கு வந்தால், திரையில் எதுவும் இல்லை. பெட்டிக்குள்ளிருந்து டிக், டிக், டிக் என்று சத்தம். ஒரு சின்ன இடைவெளி. மறுபடி டிக், டிக், டிக். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் வயிற்றைக் கலக்கும்.

டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி மாட்டிப் பார்த்ததில், மூன்றாவது தடவை கொஞ்ச நேரம் மட்டும் கண் திறந்தது. மொய் ஃபைல் அதன் பெயரில் இல்லை. ஃபவுண்ட்.000 என்ற ஃபோல்டருக்குள், சிஹெச்கே என்று முடியும் பெயர்களில் துண்டு துண்டாகக் கிடந்தது. ஒட்டவைத்துப் பார்த்தால் பாதிப் பேரைக் காணோம். மொத்தத் தொகை தெரியும்; யார் எவ்வளவு செய்தார் என்பது தெரியாது. இது எப்பேர்ப்பட்ட சங்கடம் என்று நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டாம். அந்த மனிதர் டூவீலரில் ஊர் ஊராகப் போய், கொடுத்த ரசீதையே திரும்பக் கேட்டு வாங்கிப் பார்த்து எழுதி வந்தார். எட்டு நாள் அலைச்சல். பெட்ரோல் காசு கொடுத்தேன். வேறென்ன செய்ய முடியும்?

இன்றைக்கும் எனக்கு ஆறாத எரிச்சல் ஒன்றுதான். அந்த ஃபைல் 2 எம்பிகூட இருக்காது. என் கண் முன்னாலேயே திறந்திருந்தது. பென்டிரைவ் என் சட்டைப் பையில் இருந்தது.

செக்டிஸ்க் கெட்ட கருவி என்று சொல்ல வரவில்லை. அதன் வேலை வேறு. ஃபைல் சிஸ்டத்தின் கணக்கு வழக்கு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்து நேர்செய்வதுதான் அதன் வேலை. உங்கள் ஃபைல் பிழைக்குமா என்பது அதன் கவலை இல்லை. கணக்கில் ஒட்டாத பதிவைத் திருத்தும், வெட்டும், அநாதையான துண்டுகளைத் தனி ஃபோல்டரில் தள்ளும். அத்தனையையும் அந்த நோயாளி டிஸ்க்கிலேயே எழுதும். ஸ்லாஷ் எஃப் கொடுத்தால் இவ்வளவுதான். ஸ்லாஷ் ஆர் கொடுத்தால் இதையும் செய்துவிட்டு, பகுதி முழுவதையும் ஒவ்வொரு இடமாகப் படித்துப் பார்க்கும். 4-ஆம் கட்டத்தில் ஃபைல்கள் இருக்கும் இடம், 5-ஆம் கட்டத்தில் காலி இடம். ஆமாம், காலி இடத்தையும் விடாது. சாகக் கிடக்கிற டிஸ்க் தன் கடைசி மூச்சை ஒன்றுமே இல்லாத இடத்தைப் படிப்பதில் செலவழிக்கும்.

நல்ல லேப்டாப் ஹார்டு டிஸ்க் விநாடிக்கு ஏறக்குறைய 100 எம்பி படிக்கும். 500 ஜிபியைப் படித்து முடிக்க ஒன்றரை மணி நேரம் போதும். பழுதான இடத்தில் அதே டிஸ்க் ஒரு செக்டருக்காகத் திரும்பத் திரும்ப முயன்று பல விநாடிகள் மல்லுக்கட்டும். அப்படி ஆயிரக்கணக்கான செக்டர் இருந்தால் ராத்திரி முழுக்க அதே போராட்டம்தான். தகவல் பதிந்திருக்கும் தட்டுக்கும் அதைப் படிக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருப்பது சில நானோமீட்டர் இடைவெளி. ஏற்கெனவே தளர்ந்த ஹெட்டை அதே புண்ணின் மேல் ராத்திரி முழுக்க ஓட்டினால் என்ன ஆகும்? டிக், டிக், டிக்.

சரி, என்ன செய்ய வேண்டும்? டிஸ்க் பதில் சொல்கிறது என்றால், கஸ்டமருக்கு உயிர் மாதிரி இருக்கும் அந்த நாலைந்து ஃபைலை முதலில் வெளியே எடுங்கள். "எது முக்கியம்?" என்று கேட்டால் எல்லாரும் "எல்லாமே" என்பார்கள். "இன்னிக்குள்ள எது இல்லைன்னா தூக்கம் வராது?" என்று கேட்டால் சரியான பதில் வரும்.

அப்புறம் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் பாருங்கள். 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகள் போதும். 05 என்பது மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள். சி5 என்பது படிக்க முடியாமல், என்ன செய்வதென்று தெரியாமல் காத்திருப்பவை. சி6 சரிசெய்யவே முடியாதவை. இந்த வரிகளின் கடைசிப் பத்தியில் இருக்கும் எண் சாதாரண எண் அல்ல, பதினாறின் அடிப்படையில் எழுதப்பட்டது. மெனுவில் மாற்றினால்தான் நமக்குப் பழகிய எண் வரும். 10 என்று இருந்தால் அது 16. 64 என்று இருந்தால் 100. தம்பி இதைத் தெரியாமல் ஒரு கஸ்டமரிடம் "பத்துதாண்ணே இருக்கு" என்று தைரியம் சொல்லி அனுப்பிவிட்டான்.

சி5 ஏறிக்கொண்டே போகிறது என்றால் அந்த டிஸ்க்கிலிருந்து விண்டோஸை மறுபடி ஆன் செய்யாதீர்கள். விண்டோஸ் சும்மா இருக்காது, எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும். கழற்றி, லினக்ஸ் ஓடும் வேறொரு கம்ப்யூட்டரில் டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளில் நேரடியாக மாட்டி, டிடிரெஸ்க்யூ கொண்டு வேறொரு நல்ல டிஸ்க்குக்கு முழு நகல் எடுங்கள். இலவச மென்பொருள்தான். எளிதாகப் படிக்க முடிவதை முதல் சுற்றிலேயே அள்ளிவிடும். முரண்டு பிடிக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு தாண்டிப் போகும். அந்த இடங்களை எல்லாம் கடைசியில்தான் போய்த் தட்டிப் பார்க்கும். செக்டிஸ்க்குக்கு நேர் எதிரான புத்தி. எதுவரை முடிந்தது என்று ஒரு மேப் ஃபைலில் எழுதிவைத்துக்கொள்வதால், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நம் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் கை நடுங்க வேண்டும். கட்டளையில் பழைய டிஸ்க் முதலில், புதியது அடுத்து. மாற்றிக் கொடுத்தால் காலி டிஸ்க்கின் நகல் நோயாளியின் மேல் ஏறிவிடும். ஒரே அளவில் இரண்டு டிஸ்க் இருந்தால், மேலே ஒட்டியிருக்கும் லேபிளின் சீரியல் நம்பரைத் திரையில் வருவதோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் நான் என்டர் தட்டுவேன்.

நகல் கையில் வந்த பிறகு, அந்த நகலின் மேல் செக்டிஸ்க் ஓட்டுங்கள், ரெக்கவரி மென்பொருள் ஓட்டுங்கள், என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். கெட்டால் மறுபடி ஒரு நகல்.

டிக் டிக் சத்தம் வந்த பிறகும் முயன்று பார்ப்பது

ஆஃப் செய்யுங்கள். தூசி புகாத அறை வைத்திருக்கும் லேபுக்கு அனுப்புங்கள்.

ஃப்ரீசரில் வைப்பது

செத்த டிஸ்க்கைக் குளிரவைத்தால் உயிர் வரும் என்பார்கள். மதுரை வெயிலில் வெளியே எடுத்த நிமிடமே வியர்க்கும். டிஸ்க்குக்கு உள்ளேயும்தான்.

"ஃபார்மேட் செய்யவா?" என்று விண்டோஸ் கேட்டால்

வேண்டாம்.

கேபிளைப் பார்க்காமல் டிஸ்க்கைக் குறை சொல்வது

பழைய லேப்டாப்களில் ஹார்டு டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே பட்டையாக ஒரு ரிப்பன் கேபிள் இருக்கும். அது மடங்கினாலோ, பின்னில் களிம்பு ஏறினாலோ, டிஸ்க் சாகப் போவதுபோலவே எல்லா அறிகுறியும் வரும்: உறைந்து நிற்கும், திடீரென்று காணாமல் போகும். 05, சி5 இரண்டும் சுத்தமாக இருந்து சி7 (கேபிள் வழியே போகும்போது தகவல் பிழையான தடவைகளின் எண்ணிக்கை) மட்டும் எகிறியிருந்தால் முதல் சந்தேகம் கேபிள் மேல் விழ வேண்டும். கேபிளை மாற்றினாலும் பழைய எண் குறையாது. மேற்கொண்டு ஏறாமல் நின்றால் சரியாகிவிட்டது என்று அர்த்தம். இது தெரியாமல் நான் நல்ல டிஸ்க் இரண்டை மாற்றியிருக்கிறேன். அதை அந்தக் கஸ்டமர்களிடம் இன்னும் சொல்லவில்லை.

எம்.2 என்றாலே எல்லாம் ஒன்று என்று நினைப்பது

எம்.2 என்பது போர்டில் நேராகச் செருகும் எஸ்எஸ்டி கார்டு; அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் தகவல் வைக்கும் டிஸ்க். வழக்கமாக 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். பார்க்க எல்லாம் ஒன்றுபோல இருக்கும். ஆனால் உள்ளே சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு சாதி. லேப்டாப் ஸ்லாட் ஒன்றை ஏற்று மற்றதை ஏற்காமல் போகலாம். யூஎஸ்பி கேஸும் அப்படித்தான். சாட்டா கேஸில் என்விஎம்இ கார்டைச் செருகிவிட்டு "எஸ்எஸ்டி செத்துப்போச்சுண்ணே" என்று மாதம் ஒருவராவது வருகிறார். முனையில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒன்று இருந்தால் என்விஎம்இ. பெரும்பாலும்தான். லேபிளைப் படித்துவிடுவது நல்லது. கழற்றுவதற்கு முன் பேட்டரி கனெக்டரைப் பிடுங்கிவிடுங்கள். ஆஃப் செய்தால் மட்டும் போதாது.

பயாஸில் கைவைத்துவிட்டு மறந்துபோவது

இன்டெல் 11-ஆம் தலைமுறையிலிருந்து வரும் பல லேப்டாப்களில் விண்டோஸ் ஏற்றப் போனால் டிஸ்க்கே காட்டாது. எஸ்எஸ்டி போய்விட்டது என்று புதிதாக வாங்கிவந்து மாட்டுவார்கள். அதையும் காட்டாது. காரணம், டிஸ்க்கை இன்டெல் சிப்பின் பொறுப்பில் விடும் விஎம்டி என்ற ஏற்பாடு. விண்டோஸ் இன்ஸ்டாலரிடம் அதற்கான டிரைவர் இருக்காது. லேப்டாப் கம்பெனியின் தளத்தில் அந்த டிரைவரை எடுத்து, விரித்துப் பென்டிரைவில் போட்டு, "லோட் டிரைவர்" கொடுத்தால் டிஸ்க் வந்துவிடும்.

இதற்குப் பதிலாகப் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும், போர்டின் அடிப்படை அமைப்பு) போய் விஎம்டியை அணைப்பவர்கள் உண்டு. புதிதாக விண்டோஸ் ஏற்றும்போது பெரிய தொந்தரவு இல்லை. ஏற்கெனவே விண்டோஸ் இருக்கும் பெட்டியில் அணைத்தால் நீலத் திரை வந்து நிற்கும். பழையபடி மாற்றினால் பெரும்பாலும் எழுந்துவிடும். ஆனால் பழையபடி என்றால் எப்படி என்பது யாருக்கும் நினைவிருக்காது. பயாஸைத் திறந்ததும் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

இதைவிட மோசம் பிட்லாக்கர். இப்போது வரும் விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில் யாரும் கேட்காமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். பயாஸில் எதையாவது மாற்றினாலோ, எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு பெட்டியில் மாட்டினாலோ 48 இலக்கச் சாவி கேட்கும். அது வழக்கமாக மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் இருக்கும். அந்த அக்கவுண்ட் யாருடையது என்று கேட்டால், துபாயில் இருக்கும் மாப்பிள்ளையுடையது என்பார்கள். சாவி கிடைக்காவிட்டால் டேட்டா கிடைக்காது; அதற்கு எந்தக் கடையிலும் மருந்து இல்லை. லேப்டாப் ஆன் ஆகிக்கொண்டிருக்கும்போதே சாவியை எழுதி வாங்கிவிட்டுத்தான் ஸ்க்ரூ டிரைவரை எடுக்க வேண்டும்.

எஸ்எஸ்டியில் அழித்ததை நாளைக்கு மீட்கலாம் என்று விடுவது

அழித்த ஃபைலின் இடத்தைக் காலிசெய்யச் சொல்லும் டிரிம் என்ற ஏற்பாடு அதற்குள் துடைத்திருக்கும்.

பழைய டிஸ்க்கை அப்படியே பழைய இரும்புக்குப் போடுவது

குயிக் ஃபார்மேட் எதையும் அழிப்பதில்லை, விலாசத்தை மட்டும்தான் கிழிக்கிறது. ஓடுகிற ஹார்டு டிஸ்க் என்றால் முழு ஃபார்மேட் கொடுங்கள். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து அது டிஸ்க் முழுக்கப் பூஜ்ஜியம் எழுதுகிறது. ஓடாத டிஸ்க் என்றால் மூடியைக் கழற்றித் தட்டை உடைத்துவிட வேண்டியதுதான். சுத்தியலை ஓங்குவதற்கு முன் கோணிச் சாக்கில் சுற்றிக்கொள்ளுங்கள். லேப்டாப் டிஸ்க்கின் தட்டு பலவற்றில் கண்ணாடி. இரும்புபோல மினுங்கும், அடித்தால் தூளாகும். என் இடது கட்டைவிரலில் மூன்று தையல்.