ஃபிலிமில் ஸ்டேட்டிக்: அயனைசர் பாரை எங்கே, எப்படி மாட்டுவது

சிவகாசி பக்கம் காலண்டர், நோட்டு அட்டைக்கு லேமினேஷன் போடுகிறவர்கள், பிளாஸ்டிக் ஃபிலிம் ரோல் வெட்டுகிறவர்கள் எல்லோருக்கும் இந்த ஸ்டேட்டிக் (நிலைமின்சாரம்) தொல்லை தெரியும். காற்று காய்ந்து கிடக்கிற மதிய நேரத்தில் ஷீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஃபீடரில் இரண்டு இரண்டாகப் போகும், ஃபிலிமில் தூசி வந்து அப்பிக்கொள்ளும், ரீவைண்டர் (ஃபிலிமைத் திரும்ப ரோலாகச் சுற்றுகிற இடம்) பக்கம் கையைக் கொண்டு போனால் சுளீரென்று அடிக்கும். உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மெஷினுக்கு எர்த் பார்க்கச் சொல்வார்கள். எர்த் சரியாக இருக்கத்தான் வேண்டும், ஆனால் ஃபிலிமில் ஏறிய ஸ்டேட்டிக்கை எர்த் இறக்காது.

காரணம் எளிது. இரும்பில் சார்ஜ் ஓடும், அதனால் எர்த் ஒயர் வழியாக இறங்கிவிடும். பிஓபிபி (ஒரு வகை பாலிபுரோப்பிலீன் ஃபிலிம்), பாலியஸ்டர், பாலிதீன் எல்லாம் மின்சாரத்தைக் கடத்தாதவை, சார்ஜ் ஏறிய இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். ஃபிலிம் ஒவ்வொரு ரோலரைத் தொட்டுப் பிரியும்போதும், ரோலிலிருந்து உரிந்து வரும்போதும் புதிதாக ஏறிக்கொண்டே போகும். தரையில் தண்ணீர் தெளிப்பது, ஈரச் சாக்கு தொங்கவிடுவது எல்லாம் காகிதத்துக்கு ஓரளவு உதவும், ஏனென்றால் காகிதம் ஈரத்தை உறிஞ்சும். பிஓபிபி உறிஞ்சாது. ஆக, சார்ஜ் இருக்கிற இடத்துக்கே எதிர் சார்ஜைக் காற்று வழியாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வழி, அயனைசர் பார் செய்வது அதைத்தான்.

பாரில் வரிசையாக ஊசிகள் இருக்கும். சாதாரண ஏசி (மாறுதிசை மின்சாரம்) பாரில் அந்த ஊசிகளுக்கு 4,000 முதல் 7,000 வோல்ட் வரை போகிறது. சமமான இடைவெளியில் காற்று மி.மீ.க்குச் சுமார் 3,000 வோல்ட் வரை தாங்கும், ஆனால் கூரான ஊசி முனையில் மின்புலம் குவிவதால் அங்கே மட்டும் அந்த அளவைத் தாண்டிவிடுகிறது, காற்று உடைந்து பாசிட்டிவ், நெகட்டிவ் அயனிகள் மாறி மாறி வருகின்றன. ஃபிலிம் தனக்கு வேண்டிய எதிர் அயனியைத் தானே இழுத்துக்கொள்ளும். அதனால் ஃபிலிமில் இருப்பது எந்த சார்ஜ் என்று பாருக்குத் தெரிய வேண்டியதில்லை. வீட்டில் காற்றைச் சுத்தம் செய்ய வைக்கிற அயனைசரில் பெரும்பாலும் நெகட்டிவ் மட்டும்தான் வரும், அதைக் கொண்டுவந்து மெஷினில் வைத்தால் நெகட்டிவ் ஏறிய ஃபிலிமுக்கு ஒரு பயனும் இல்லை.

வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஒரு ஸ்டேட்டிக் ஃபீல்டு மீட்டரைக் கடன் வாங்கியாவது எடுத்துக்கொண்டு, மெஷின் வழக்கமான வேகத்தில் ஓடும்போது, அன்வைண்டரில் (ரோலிலிருந்து ஃபிலிம் பிரிந்து வருகிற இடம்) ஆரம்பித்து ரீவைண்டர் வரை ஒவ்வொரு இடமாக அளந்து எழுதுங்கள். பெரும்பாலான கை மீட்டர்கள் 25 மி.மீ. தூரத்தில் பிடிக்கிற மாதிரி செய்யப்பட்டவை, அந்தத் தூரம் மாறினால் ரீடிங்கும் மாறும், கை ஓடும் ரோலருக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு ரோலருக்கு நடுவே ஃபிலிம் அந்தரத்தில் போகும் இடத்தில் அளக்க வேண்டும். ரப்பர் ரோலர் அழுத்துகிற நிப்பைத் தாண்டியதும் அநேகமாக எண் குதிக்கும், அன்வைண்டரிலும் அப்படித்தான்.

இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். இரும்பு ரோலர் மேல் ஃபிலிம் படிந்திருக்கும்போது அளந்தால் மீட்டர் கொஞ்சமாகத்தான் காட்டும், அதைப் பார்த்துவிட்டு இங்கே ஸ்டேட்டிக் இல்லை என்று நினைத்துவிடுவார்கள். சார்ஜ் எங்கேயும் போகவில்லை. பின்னால் இருக்கிற இரும்பில் எதிர் சார்ஜ் தூண்டப்பட்டு மின்புலம் முழுக்க அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறது, அவ்வளவுதான். மீட்டருக்குத் தெரியாதது பாருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட இடத்தில் பாரை மாட்டினால் வருகிற அயனிகளை இழுக்க ஆளில்லாமல் அவை வீணாகும். மாட்ட வசதியாக இருக்கிறது என்பதற்காக ரோலருக்கு நேர் மேலே பார் மாட்டிவிட்டு, பார் மட்டம் என்று சொல்கிறவர்களைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும், அந்த பாரை ஒரு ஜாண் நகர்த்தியிருந்தாலே வேலை செய்திருக்கும்.

எனவே விதி இது: ஃபிலிம் அந்தரத்தில் போகிற இடம், எதிர்ப்பக்கம் இரும்பு இல்லாத இடம், பக்கத்து ரோலரோ ஃபிரேமோ பாருக்கும் ஃபிலிமுக்கும் உள்ள தூரத்தைவிட நன்றாகத் தள்ளி இருக்க வேண்டும். சாதாரண ஏசி பாருக்கு 25 முதல் 50 மி.மீ. தூரம் சரியாக இருக்கும், உங்கள் பாரின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். வரிசையில் எங்கே என்றால், கெடுதல் நடக்கிற இடத்துக்குச் சற்று முன்னால். அன்வைண்டரில் பார் போட்டுவிட்டு ரீவைண்டரில் ஷாக் அடிக்கிறது என்று சொல்வதில் அர்த்தமில்லை, நடுவில் பத்து ரோலர் இருந்தால் பத்து தடவை மறுபடி ஏறியிருக்கும்.

ரீவைண்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு சுற்றில் மிச்சமிருக்கிற சார்ஜ் சின்னதாக இருக்கலாம், ஆனால் ஆயிரக்கணக்கான சுற்றுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும்போது அது கூடிக்கொண்டே போய், ரோலைத் தொடுகிறவர் கையில் பெரிய பொறியாக இறங்கும். ரோல் பருக்கப் பருக்கத் தூரமும் மாறும் என்பதால் 50 மி.மீ. பார் இங்கே ஒத்துவராது, 150 மி.மீ.க்கு மேல் எட்டுகிற பல்ஸ் டிசி பார் (நேர்திசை மின்சாரத்தைத் துடிப்பு துடிப்பாக ஊசிக்கு அனுப்புவது) வேண்டும், விலை அதிகம்தான், ஆனால் ஒரே ஒரு நல்ல பார் வாங்கத்தான் காசு இருக்கிறது என்றால் நான் அதை இங்கேதான் போடச் சொல்வேன். வேகத்தையும் கணக்கில் எடுங்கள். நிமிடத்துக்கு 300 மீட்டர் என்றால் வினாடிக்கு 5 மீட்டர். 50 ஹெர்ட்ஸ் ஏசி பாரில் ஒரு சுற்று முடிய 0.02 வினாடி, அதற்குள் ஃபிலிம் 100 மி.மீ. நகர்ந்துவிடுகிறது, பாசிட்டிவ் ஒரு பட்டை, நெகட்டிவ் ஒரு பட்டை என்று ஃபிலிமில் தங்க வாய்ப்பு உண்டு. வேகமான மெஷினுக்கு அதிக அலைவரிசையில் வேலை செய்கிற பார் கேளுங்கள்.

இன்னொரு குழப்பம்: மீட்டர் பூஜ்யம் காட்டும், ஆனாலும் ஃபிலிம் ஒட்டும். ஃபிலிமின் ஒரு பக்கம் பாசிட்டிவ், மறுபக்கம் நெகட்டிவ் சமமாக இருந்தால் இப்படி ஆகும். இதை பாரால் எளிதில் போக்க முடியாது. அழுத்தத்தைக் குறைப்பது, ரோலர் ரப்பரை மாற்றிப் பார்ப்பது என்று சார்ஜ் பிறக்கிற இடத்தில்தான் கை வைக்க வேண்டும்.

கையில் காசு குறைவு என்றால் டின்சல் கயிறோ (மெல்லிய உலோக இழைகள் சிலிர்த்து நிற்கிற கயிறு) கார்பன் ஃபைபர் பிரஷ்ஷோ போடலாம். கரண்ட் வேண்டாம், ஆனால் எர்த் கட்டாயம், எர்த் இல்லாத டின்சல் வெறும் அலங்காரம். ஃபிலிமில் சில ஆயிரம் வோல்ட் ஏறினால்தான் இவை வேலையையே ஆரம்பிக்கும், அதற்குக் கீழே இருப்பதை அப்படியே விட்டுவிடும். பெரிய ஷாக் குறையும், தூசி ஒட்டுவது நிற்காது.

ஷீட் ஃபீடரில் ஒட்டுகிற பிரச்சினைக்கு பாரைவிட, அயனி கலந்த காற்றை ஷீட்டுகளின் ஓரத்தில் ஊதுகிற நாசில் நன்றாக வேலை செய்யும். பாசிட்டிவும் நெகட்டிவும் வழியிலேயே சந்தித்துக்கொண்டால் அயனி அழிந்துவிடும், ஆகவே அயனைசருக்கு அப்புறம் நீளமான குழாய் போடாதீர்கள், நாசில் ஷீட்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். கம்ப்ரசர் காற்றில் எண்ணெயும் தண்ணீரும் வராமல் ஃபில்டர் அவசியம்.

மாட்டும்போது மெயினை அணைத்துவிட்டு வேலை செய்யுங்கள். பாரின் உடலுக்கும் பவர் சப்ளைக்கும் எர்த் கொடுங்கள். ஹைவோல்டேஜ் கேபிளை வெட்டி ஒட்டாதீர்கள், சென்சார் ஒயர்களோடு சேர்த்துக் கட்டாதீர்கள், கூரான தகடு விளிம்பில் உரசவும் விடாதீர்கள். பிறகு அதே ஃபிலிம், அதே வேகத்தில் ஓட்டி, முன்பு எழுதி வைத்த இடங்களிலேயே அளந்து பாருங்கள். 20,000 வோல்ட் காட்டிய இடம் ஆயிரம், இரண்டாயிரத்துக்கு இறங்கினால் லேமினேஷன் வேலைக்குப் போதும். எலக்ட்ரானிக்ஸ் அசெம்பிளிக்கு இந்த அளவுகோல் செல்லாது, நூறு வோல்ட்டுக்குக் கீழேயே கெட்டுப்போகிற பாகங்கள் உண்டு. அங்கே 1,000 வோல்ட் ஏற்றிய தகடு 100க்கு இறங்க எத்தனை வினாடி ஆகிறது என்று பார்ப்பார்கள், அயனைசரின் பாசிட்டிவ், நெகட்டிவ் சமநிலை 35 வோல்ட்டுக்கு மேல் எந்தப் பக்கமும் சாயக் கூடாது.

மாட்டிய கொஞ்ச நாளில் பார் மறக்கப்படுவதுதான் வழக்கம். ஆஃப்செட்டில் தூவுகிற ஸ்ப்ரே பவுடர், காகிதத் தூசி, இங்க் துளி எல்லாம் ஊசி முனையில் படிந்தால் அயனி குறைந்துவிடும். பவர் சப்ளையில் பச்சை லைட் எரிவது கரண்ட் வருகிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. வாரம் ஒரு முறை, தூசி அதிகமான இடத்தில் இன்னும் அடிக்கடி, அணைத்துவிட்டு மென்மையான நைலான் பிரஷ்ஷால் தட்டி, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகே போடுங்கள். கம்பி பிரஷ், உப்புத்தாள் வேண்டாம், முனை மழுங்கிவிடும்.

கிராவ்யூர் மெஷினில் (ஃபிலிமில் அச்சடிக்கிற ஒரு வகை மெஷின்) டொலுயீன், எத்தில் அசிடேட் போன்ற எளிதில் தீப்பற்றும் இங்க் கரைப்பான்களின் ஆவி இருக்கும் இடத்தில் சாதாரண பாரை எக்காரணம் கொண்டும் மாட்டாதீர்கள். டொலுயீன் ஆவி பற்ற 0.24 மில்லிஜூல் போதும், 10,000 வோல்ட் ஏறிய ஒரு மனிதரின் உடம்பிலேயே 7 மில்லிஜூலுக்கு மேல் இருக்கிறது. வெடிக்கும் ஆவி உள்ள இடத்துக்கென்று சான்று பெற்ற பார் தனியாகக் கிடைக்கிறது, அதை மட்டும் போடுங்கள், சான்றிதழின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பாரைச் சுற்றி தின்னரில் நனைத்த துணியை வைப்பதும் கூடாது.

பாருக்குப் பக்கத்தில் காரமான ஒரு வாடை வந்தால் அது ஓசோன். வேலை செய்யும் இடத்தில் 0.1 பிபிஎம் (பத்து லட்சத்தில் 0.1 பங்கு) வரைதான் அனுமதிப்பது வழக்கம். ஏசி ரூம் மாதிரி மூடிய அறையில் பல பார்கள் ஓடினால் எக்ஸாஸ்ட் வையுங்கள், வாடை திடீரென்று அதிகமானால் ஊசிகளைப் பாருங்கள், அழுக்கோ தேய்மானமோ இருக்கும். சுத்தம் செய்தும் மீட்டர் ரீடிங் இறங்கவில்லை என்றால் ஊசிகளை மாற்றுங்கள். ஊசி மாற்ற முடியாத மாடலாக இருந்தால் பாரையே மாற்ற வேண்டியிருக்கும், அதனால் வாங்கும்போதே ஊசி தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள்.