கொறடா உத்தரவும் உறுப்பினரின் மனசாட்சியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்சிக் கட்டுப்பாடு வேண்டுமா, உறுப்பினரின் சுதந்திரம் வேண்டுமா என்று கேட்டு விவாதத்தைத் தொடங்கினால் அது எங்கும் போய்ச் சேராது. இரண்டும் வேண்டும். கட்சியின் சின்னத்தையும் தேர்தல் அறிக்கையையும் பார்த்து வாக்களித்தவர்களுக்கு, அந்த அறிக்கையை நிறைவேற்றும் ஓர் அணி சபையில் தேவை. அதே வாக்காளர்களுக்குத் தங்கள் தொகுதிக்காக வாய் திறக்கும் ஒரு ஆளும் தேவை. எந்த வாக்கெடுப்பில் எதை முன்னே வைப்பது என்று முன்கூட்டியே பிரித்துக்கொள்வதுதான் வேலை. அந்த வேலையைச் செய்யாமல் எல்லா வாக்கெடுப்பையும் ஒன்றாகக் கருதுவதே பெரிய தவறு. மற்ற பல தவறுகள் இதிலிருந்து கிளைத்தவை.

இந்தியாவில் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்ததற்கு நியாயமான காரணம் இருந்தது. 1967-ல் ஹரியானாவில் கயா லால் என்ற சட்டமன்ற உறுப்பினர் இரண்டே வாரத்துக்குள் மூன்று முறை கட்சி மாறினார். அந்தக் காலத்தில் மாநில அரசுகள் அடுத்தடுத்துக் கவிழ்ந்தன. 1985-ல் அரசியல் சட்டத்தின் 52-வது திருத்தம் பத்தாவது அட்டவணையைக் கொண்டுவந்தது. கட்சியிலிருந்து தாமாக விலகினால் பதவி போகும். எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி தன் கொறடா வழியாகத் தரும் உத்தரவுக்கு மாறாக வாக்களித்தாலும் போகும். இந்த இரண்டாவது விதியில்தான் கோளாறு. 'எந்த உத்தரவானாலும்' என்ற அளவுக்கு அது விரிந்து கிடக்கிறது. அரசு நிற்குமா விழுமா என்ற வாக்கெடுப்புக்கும், ஒரு சாதாரண மசோதாவின் ஏதோ ஒரு திருத்தத்துக்கும் ஒரே தண்டனை.

உச்ச நீதிமன்றம் இதைக் கவனிக்காமல் இல்லை. 1992-ல் கிஹோட்டோ ஹோலோஹான் வழக்கில் சட்டம் செல்லும் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு சொன்னது. கூடவே, பதவி பறிபோகும் அளவுக்கான உத்தரவு, நம்பிக்கை வாக்கெடுப்புக்கும், கட்சி மக்களிடம் வாக்குக் கேட்டபோது முன்வைத்த அடிப்படைக் கொள்கைகளுக்கும் மட்டுமே இருக்க வேண்டும் என்றும் சொன்னது. அதற்கும் முன்பே, 1990-ல், தேர்தல் சீர்திருத்தம் பற்றி ஆராய்ந்த தினேஷ் கோஸ்வாமி குழு, உத்தரவை மீறியதற்கான தகுதி நீக்கத்தை நம்பிக்கை வாக்கெடுப்போடு நிறுத்திக்கொள்ளப் பரிந்துரைத்தது. இவ்வளவு இருந்தும் அன்றாட மசோதாக்களுக்குக் கொறடா உத்தரவு போவது நிற்கவில்லை. பாகிஸ்தான் அரசியல் சட்டத்தின் 63ஏ பிரிவை எடுத்துப் பாருங்கள். எந்த வாக்கெடுப்பில் கட்சியை மீறினால் பதவி போகும் என்று அது சொல்கிறது. பிரதமர், முதல்வர் தேர்வு, நம்பிக்கை வாக்கெடுப்பு, பண மசோதா, அரசியல் சட்டத் திருத்தம் என்று பட்டியல் போட்டே வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் குறை சொல்லலாம். ஆனால் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது.

பதவியைப் பறிக்காவிட்டால் கட்சி சிதறிவிடும் என்று நம்புவது அடுத்த தவறு. பிரிட்டனில் கொறடா உத்தரவு மூன்று நிலைகளில் வருகிறது. உத்தரவின் கீழே ஒரு கோடு என்றால் வேண்டுகோள், மூன்று கோடு என்றால் கண்டிப்பு. மூன்று கோட்டு உத்தரவை மீறினாலும் எம்.பி. பதவி போகாது. கட்சி அவரைத் தன் நாடாளுமன்றக் குழுவிலிருந்து ஒதுக்கலாம், அவ்வளவே. 2003 மார்ச்சில் இராக் போர் பற்றிய விவாதத்தில், போருக்கான காரணம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை என்ற திருத்தத்துக்கு ஆதரவாக ஆளும் தொழிற்கட்சியின் 139 எம்.பி.க்கள் வாக்களித்தார்கள். முதல் நாள்தான் ராபின் குக் அமைச்சர் பதவியை விட்டு விலகியிருந்தார். அரசு கவிழவில்லை, கட்சியும் உடையவில்லை. போரை எதிர்த்த மக்களின் குரல் ஆளும் வரிசையிலிருந்தே அவைக் குறிப்பில் ஏறியது. அப்படி ஒரு வாக்கைப் பத்தாவது அட்டவணையின் கீழ் அளிக்க எத்தனை பேர் துணிவார்கள்?

அதற்காகப் பிரிட்டனில் எல்லாம் மென்மையாக நடக்கிறது என்றும் எண்ண வேண்டாம். 2019 செப்டம்பரில், ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் பிரெக்ஸிட் விவகாரத்தில் அரசை எதிர்த்து வாக்களித்த 21 கன்சர்வேடிவ் எம்.பி.க்கள் கட்சிக் குழுவிலிருந்து நீக்கப்பட்டார்கள். அவர்களில் 10 பேர் அடுத்த மாதமே திரும்பச் சேர்க்கப்பட்டார்கள். தண்டனையில் படிகள் இருந்தால் திரும்பி வரவும் வழி இருக்கும்.

மரண தண்டனை, கருக்கலைப்பு, திருமணம் போன்ற மனசாட்சி சார்ந்த கேள்விகளில் கட்சி கையை எடுத்துவிடுவதும் ஒரு வழி. ஜெர்மனியில் 2017 ஜூன் 30 அன்று ஒருபால் திருமண மசோதா 393-க்கு 226 என்ற கணக்கில் நிறைவேறியது. அரசை நடத்திய சான்சலர் மெர்க்கல் எதிர்த்து வாக்களித்தார், அவருடைய அணியிலேயே 75 பேர் ஆதரித்தார்கள். அதற்காக யாருடைய பதவியும் போகவில்லை.

பேச்சையும் வாக்கையும் குழப்பிக்கொள்வது கட்சித் தலைமைகள் செய்யும் தவறு. அவைக்குள் பேசும் சுதந்திரத்தை நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு அரசியல் சட்டத்தின் 105-வது பிரிவும், சட்டமன்ற உறுப்பினர்களுக்கு 194-வது பிரிவும் தருகின்றன. கொறடா உத்தரவு வாக்களிப்பதைப் பற்றியது. விவாதத்தில் மசோதாவின் குறையைச் சொல்லிவிட்டு, கடைசியில் கட்சியோடு வாக்களிப்பது முரண் ஆகாது. என் பார்வையில் அதுதான் ஒரு நல்ல ஆளுங்கட்சி உறுப்பினரின் வேலை. அவர் வாயை அடைத்தால், குறை சட்டமான பிறகு மக்கள் தலையில்தான் விடியும்.

உறுப்பினர்கள் பக்கமும் தவறுகள் உண்டு. வாக்களிக்காமல் வெளியே உட்கார்ந்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். பத்தாவது அட்டவணையில் வாக்களிக்காமல் இருப்பதும் மீறல்தான். முன் அனுமதி வாங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் 15 நாளுக்குள் கட்சி மன்னித்திருக்க வேண்டும். ராஜினாமாக் கடிதம் கொடுக்காதவரை விலகியதாகாது என்பதும் தப்புக் கணக்கு. நடத்தையை வைத்தே 'தாமாக விலகினார்' என்று முடிவு செய்யலாம் என 1994-ல் ரவி நாயக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இவற்றைவிட எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. கட்சிக் கூட்டத்தில் மாதக்கணக்காக மௌனமாக இருந்துவிட்டு, வாக்கெடுப்பு நாளில் மனசாட்சியைக் கூப்பிடுவது. முதலில் உள்ளே சொல்ல வேண்டும், எழுத்தில் சொல்ல வேண்டும், அனுமதி கேட்க வேண்டும். அப்புறம் எடுக்கும் முடிவுக்குத்தான் மதிப்பு.

எதிர்த்து வாக்களித்தவர் எல்லாம் வீரர் என்று கொண்டாடுவது நம்முடைய தவறு. அவர் சொன்ன காரணம் என்ன, அடுத்த மாதம் அவருக்கு என்ன பதவி கிடைத்தது என்று இரண்டையும் பார்க்க வேண்டும். கூட்டமாகப் போனால் குற்றமில்லை என்பது இதைவிட விசித்திரம். மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்தால் தாவல் இல்லை என்ற விதியை 2003-ன் 91-வது திருத்தம் நீக்கியது. மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்புக்கொண்டு இன்னொரு கட்சியோடு இணைவதற்கான விலக்கு மட்டும் இன்னும் இருக்கிறது. தனியாக ஒரு மசோதாவை எதிர்த்தவருக்குப் பதவி போகும், கும்பலாகக் கட்சி மாறியவர்களுக்குப் போகாது என்றால், தாவலைத் தடுக்க வந்த சட்டம் யாரைத் தடுக்கிறது?

தீர்ப்புச் சொல்லும் பொறுப்பை சபாநாயகரிடமே விட்டுவைப்பதும் சரியல்ல. பெரும்பாலும் அவர் ஆளுங்கட்சிக்காரர். தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரி நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசை எதிர்த்து வாக்களித்த அ.தி.மு.க. உறுப்பினர்கள் 11 பேர் மீதான புகார் ஆண்டுக்கணக்கில் கிடப்பில் கிடந்தது. அதே ஆண்டு, முதல்வருக்கு ஆதரவில்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்த 18 பேர் செப்டம்பரிலேயே தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள். இத்தகைய மனுக்களைப் பொதுவாக மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2020-ல் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சுதந்திரமான நிரந்தரத் தீர்ப்பாயம் ஒன்றை அமைப்பது பற்றி நாடாளுமன்றம் யோசிக்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. சபாநாயகரும் ஒரு கட்சியைச் சேர்ந்தவராகவே நீடிக்கும்போது இந்த அதிகாரம் அவரிடமே இருக்க வேண்டுமா என்று அந்த நீதிபதிகள் வெளிப்படையாகவே கேட்டிருக்கிறார்கள்.